பயனர் விவரத்தை எங்கே வைப்பது?

கேள்வி: ஒரு நூலகத்துக்காக ரியாக்ட்டில் (திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) வலைச் செயலி எழுதி வருகிறேன்; பக்கங்கள் சர்வரிலேயே உருவாகின்றன. லாகின் செய்த உறுப்பினரின் விவரத்தை ஏழெட்டுக் காம்பொனென்ட்கள் (திரையின் தனித்தனிப் பகுதிகள்) வழியாகப் ப்ராப்ஸாக, அதாவது ஒவ்வொரு பகுதியும் தன் உட்பகுதிக்குக் கொடுக்கும் மதிப்பாக, கடத்த வேண்டியிருக்கிறது. நிரல் முழுவதும் எட்டக்கூடிய ஒரு பொது மாறியில் வைத்துவிடலாமா? பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யும்போது ‘லாகின்’ பட்டன் ஒரு கணம் தோன்றி மறைவதை எப்படித் தவிர்ப்பது?
– வாசகர் ஒருவர்

பதில்: பொது மாறி மட்டும் வேண்டவே வேண்டாம். பிரவுசரில் ஒருவர்தான் இருப்பார். ஆனால் சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் ஒரே நோட் ஜேஎஸ் புராசஸ் பலருக்கும் பக்கம் தயாரித்துக் கொடுப்பதால், ஒருவருடைய கோரிக்கை டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவருடைய கோரிக்கை வந்து அதே மாறியில் தன் பெயரை எழுதிவிடும். நான் பணியாற்றிய ஒரு குழுவில் இதே தவற்றைச் செய்தோம். எங்கள் கணினிகளில் சோதித்தபோதெல்லாம் ஒருவர் மட்டுமே லாகின் செய்திருந்ததால் பிழை வெளிப்படவில்லை. தளம் திறந்த பிறகு, தன் பக்கத்தின் மேலே வேறொருவர் பெயர் தெரிவதாக ஓர் உறுப்பினர் தொலைபேசியில் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதற்காகவே ரியாக்ட்டில் கான்டெக்ஸ்ட் இருக்கிறது; உச்சியில் வைத்த மதிப்பை, இடையில் கடத்தாமலேயே கீழுள்ள எந்தக் காம்பொனென்டும் அதன் மூலம் படிக்கலாம். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 2018இல் 16.3 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பயனர் விவரத்தைத் தனியாகப் பெற்று, உச்சியில் ஒரே இடத்தில் அதில் வையுங்கள். ஆனால் கண்ட காம்பொனென்டும் அதைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறுப்பினர் அட்டைக்குத் தேவை பெயரும் படமும் மட்டுமே என்றால், அந்த இரண்டையும் ப்ராப்ஸாகவே கொடுங்கள். அப்போதுதான் அதே அட்டையில் வேறோர் உறுப்பினரையும் காட்ட முடியும், சோதிப்பதும் எளிது. கான்டெக்ஸ்டைத் தலைப்புப் பட்டையும் பக்கங்களும் படித்தால் போதும்.

பட்டன் தோன்றி மறைவதற்குக் காரணம், ‘லாகின் செய்யவில்லை’ என்பதையும் ‘இன்னும் தெரியவில்லை’ என்பதையும் ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் ஒரே நல் (null) மதிப்பால் குறிப்பதுதான். இவற்றோடு ‘லாகின் செய்திருக்கிறார்’ என்பதையும் சேர்த்து மூன்று நிலைகளாகப் பிரித்து, தெரியாத நிலையில் பட்டனின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் சிறு தகவலான குக்கியைச் சர்வரிலேயே படித்துவிட்டால் அந்தத் தெரியாத நிலையே பெரும்பாலும் வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிர்வாகி அல்லாதவருக்கு ‘நீக்கு’ பட்டனை மறைப்பது திரையைத் தெளிவாக்குமே தவிர, பாதுகாப்பு ஆகாது. பட்டன் இல்லாமலேயே அந்தக் கோரிக்கையை யாரும் அனுப்பலாம் என்பதால், சர்வர் ஒவ்வொரு முறையும் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். வலைச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த குறைபாடு இந்த அனுமதிக் கட்டுப்பாட்டுப் பிழைதான். லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் டோக்கனை, ஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய பிரவுசர் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்காமல், ஸ்கிரிப்ட் படிக்க முடியாத ஹெச்டிடிபி ஒன்லி குக்கியில் வையுங்கள். தொலைபேசி எண்ணையும் முகவரியையும் காட்டாத பக்கத்துக்கு அவற்றை அனுப்பவே வேண்டாம்.

நூலகக் கணினியில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காருவார். ஆகவே லாகவுட்டின்போது கான்டெக்ஸ்டைக் காலி செய்தால் மட்டும் போதாது. முந்தையவர் எடுத்த புத்தகங்களின் பட்டியல் கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பில்) தங்கியிருக்கலாம். சர்வரில் செஷனை (அவருடைய லாகின் பதிவை) முடித்து, குக்கியை நீக்கி, பிரவுசரில் சேமித்தவற்றை அழித்து, பக்கத்தை முழுமையாக மறுபடி ஏற்றிவிடுங்கள்.