கறுப்புத் தண்ணீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். "நெடிய வறட்சிக்குப் பிறகு வரும் வெள்ளம் அந்த ஆற்றுக்கு அழிவல்ல, சாப்பாடு" என்று எழுதியிருந்தீர்கள். நான் விக்டோரியா மாநிலத்தில், ஷெப்பர்ட்டன் ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். 2022 அக்டோபரில் மர்ரேயின் துணையாறான கோல்பர்ன் ஏறி வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரைவிரிப்பு, சுவர்ப்பலகை எல்லாவற்றையும் பிய்த்து வாசலில் குவித்தோம். திரும்பக் குடிபோக ஏழு மாதம் ஆனது. தண்ணீர் வடிகிற சமயத்தில் ஆறு டிகாஷன் நிறத்துக்கு மாறி நாறியது, மீன்கள் செத்து மிதந்தன. 2010இல் பெரிய வறட்சி முடிந்தபோதும் இப்படித்தான் ஆனது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். இது யாருக்குச் சாப்பாடு? அவ்வளவு அணைகள் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

ச.,
ஷெப்பர்ட்டன்

அன்புள்ள ச.,

தண்ணீர் புகுந்த வீட்டில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். வருத்தமாக இருக்கிறது. அந்த வரி அரைகுறையானதும்கூட. அதற்கு உங்கள் ஊர் மீன்களே சாட்சி.

மர்ரே, கோல்பர்ன் கரைகளில் நிற்கும் ரெட் கம் என்ற தைலமரங்கள் இலையும் பட்டையும் உதிர்த்துக்கொண்டே இருப்பவை. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆறு லேசாகக் கரை தாண்டும்போது அந்தச் சருகு கொஞ்சம் கொஞ்சமாக ஊறி ஆற்றுக்குள் போகும். அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்று மீன்குஞ்சுகள் வளரும். நான் சாப்பாடு என்று சொன்னது இதைத்தான். ஆனால் 1997இலிருந்து 2009 வரை நீண்ட வறட்சியில் பல காடுகளுக்குள் தண்ணீரே போகவில்லை. பத்து வருடத்துக்கு மேலான சருகு அப்படியே மண்டிக் கிடந்தது. 2010இல் மழை கொட்டி, வெள்ளம் கோடைக்குள்ளும் நீண்டபோது அத்தனையும் ஒரே நேரத்தில் ஊறியது. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இருந்ததையும் பாக்டீரியாக்கள் தீர்த்துவிட்டன. நீங்கள் பார்த்த அந்த டிகாஷன் நிற நீரைத்தான் கறுப்புத் தண்ணீர் என்கிறார்கள். மர்ரே காட் மீன்கள் செத்தன. நன்னீர்ச் சிங்கிகள் மூச்சுக்காகக் கரையேறி வந்து உட்கார்ந்தன. பத்து வருடம் பட்டினி போட்டுவிட்டு, பத்து வருடச் சோற்றையும் ஒரே பந்தியில் ஊட்டினால் என்ன ஆகும்? 2022க்கு முன் இரண்டு ஆண்டுகள் நல்ல மழைதான். இருந்தாலும் ஆறு அவ்வளவு உயரம் ஏறியபோது நெடுநாள் நனையாத மேட்டு நிலமும் நனைந்தது. புல்லும் பயிர்த்தாளும் அந்தப் பந்தியில் சேர்ந்துகொண்டன.

அணைகள் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு பதில் இருக்கிறது: ஐல்டன் அணை கோல்பர்னின் மேல்பகுதி நீரைத்தான் பிடிக்க முடியும். புரோக்கன் ஆறும் செவன் கிரீக்ஸும் அந்த அணைக்கு வெகு கீழே, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே வந்து சேர்கின்றன.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1936இல் ஹியூம் அணை முடிந்ததிலிருந்து மர்ரேயின் பருவமே தலைகீழாகிவிட்டது. குளிர்கால மழையைத் தேக்கி, கோடையில் பாசனத்துக்குத் திறக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கரை தாண்டி, யார் வீட்டையும் தொடாமல், காட்டை மட்டும் நனைத்துவிட்டுப் போகும் சின்ன, நடுத்தர வெள்ளங்கள் அணைக்குள் அடங்கிவிட்டன. ராட்சத வெள்ளத்தை அணையால் அடக்க முடியாது. அதாவது, ஆற்றுக்குச் சோறு போட்ட வெள்ளத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் வரும் வெள்ளத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம்.

நன்மைகள் பொய்யல்ல. உங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் எட்டும் பார்மா காடும், மர்ரேக்கு அந்தப் பக்கம் உள்ள மில்லேவாவும் சேர்ந்ததுதான் உலகின் மிகப் பெரிய ரெட் கம் காடு. வெள்ளம் வடிந்த ஈர வண்டலில்தான் அந்த மரத்தின் விதை நன்றாகப் பிடிக்கும். (நம் புதுக்கோட்டைப் பக்கம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று திட்டு வாங்கும் தைலமர வகைகளில் இதுவும் ஒன்று. சொந்த ஊரில் ஆற்றங்கரை மரம் அது, குடித்துப் பழகியது.) வைக்கோல் நிறக் கழுத்துள்ள அரிவாள்மூக்கன்கள் வெள்ளத்தில் மூழ்கிய புதர்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை சுமார் இரண்டு மாதம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். சட்டென்று வடிந்தால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். வெட்டுக்கிளிகளைத் தின்பதால் அதற்கு விவசாயியின் நண்பன் என்று அங்கே பெயர். கடைமடையில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. வறட்சியில் மர்ரேயின் முகத்துவாரம் மணலால் அடைபடாமலிருக்க 2002இலிருந்து 2010 வரை தூர்வாரும் படகுகள் வேலை செய்தன. 2009இல் அங்குள்ள ஏரிகளின் மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியது. உப்பைக் கடலுக்குத் தள்ளியது 2010 வெள்ளம்தான். அதே வெள்ளம் கொசுவையும் கெண்டை மீனையும் சேர்த்தே வளர்க்கும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். கெண்டை அங்கே வெளியிலிருந்து வந்து மண்டிய மீன்.

அணைகள் இல்லாத இடத்தையும் பாருங்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கூப்பர் ஓடையில் பெரிய அணைகள் கிடையாது. வெள்ளம் பல கிலோமீட்டர் அகலத்துக்கு மெதுவாகப் பரவி வரும், மாடு வளர்ப்பவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். 1990களில் அங்கே பருத்திக்கு நீரெடுக்கத் திட்டம் வந்தபோது அவர்களே எதிர்த்தார்கள். ஆனால் அதே மாநிலத்தின் வடமேற்கில், வருடக்கணக்கான வறட்சியில் மெலிந்துபோன மாடுகள் மேல் 2019 பிப்ரவரியில் குளிர்காற்றோடு மழை விடாமல் அடித்தது. சுமார் 5 லட்சம் மாடுகள் இறந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த மழைக்காக வேண்டிக்கொண்டவர்களின் மாடுகள் அவை.

இப்போது அரசு பாசன நீர் உரிமைகளை வாங்கி, ஆற்றுக்கென்றே அணையிலிருந்து நீர் திறக்கிறது. 2007ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் அதற்கென ஒரு பதவியே உருவானது. நல்ல வேலைதான். ஆனால் நடுத்தர வெள்ளம் ஒன்றை உண்டாக்கும் அளவுக்குத் திறக்கப்போனால் நடுவில் ஒரு தாழ்ந்த பாலம், யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம், சம்மதிக்காத ஒரு கையெழுத்து. 2022இல் மர்ரே கரையில் உள்ள எச்சூக்காவில் ஊரைக் காக்கத் தெருக்களின் ஊடே மண்கரை எழுப்பியபோது சில வீடுகள் கரைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அந்த வீட்டுக்காரர்களிடம் போய் ஆற்றுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளம் வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மேய்ச்சல் நிலத்துக்காரரிடம் சொல்லலாம், நஷ்டஈட்டோடு.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். "நெடிய வறட்சிக்குப் பிறகு" என்பதை எடுத்துவிட்டு "அடிக்கடி வந்து, நின்று, மெல்ல வடியும்" என்று போட்டிருக்கிறேன். அடுத்தமுறை பார்மா பக்கம் போனால் மரங்களில் 2022இன் நீர்க்கோடு இன்னும் தெரிகிறதா, அடியில் கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.