விடுதிப் பள்ளியின் வரலாறு: மாணவர் வாழ்க்கையை எங்கே தேடுவது?

வணக்கம். நூற்றாண்டு மலருக்காகப் பள்ளி வரலாறு எழுதுகிறேன், தலைமையாசிரியர் பட்டியலும் கட்டடத் திறப்பு நாள்களும் தவிர வேறொன்றும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். மாணவர் வாழ்க்கை வேறு அலமாரியில் இருக்கும். உணவுக்கூடக் கணக்கு, மருத்துவ அறைப் பதிவேடு, தண்டனைக் குறிப்பேடு ஆகியவற்றைக் கேளுங்கள். எந்த ஆண்டு அம்மை பரவியது, பஞ்சத்தில் சாப்பாடு எப்படிச் சுருங்கியது எல்லாம் அங்கேதான் தெரியும். பிள்ளைகளின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதைவிட அவசரம், வயதான முன்னாள் மாணவர்களின் குரலைப் பதிவு செய்வது. "பள்ளி எப்படி இருந்தது?" என்றால் "நன்றாக இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். "முதல் இரவு உங்கள் கட்டில் எங்கே இருந்தது? பக்கத்துக் கட்டிலில் யார்?" என்று கேளுங்கள். நானும் விடுதியில் வளர்ந்தவன். அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். சமையல்காரரையும் காவலாளியையும் மறக்காதீர்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் யாருடைய பிள்ளைகள் படித்தார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற விடுதிப் பள்ளியான ஈட்டனை மன்னர் ஆறாம் ஹென்றி 1440-இல் தொடங்கியது 70 ஏழை மாணவர்களுக்காக. பின்னாளில் அது செல்வந்தர் பள்ளியானது. உங்கள் பள்ளியும் அப்படி மாறியிருக்கலாம்.

மூத்த மாணவர்கள் இளையவர்களைத் துன்புறுத்தியதாக யாராவது சொன்னால், தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.