கேள்வி – பதில்: சேற்றில் நின்ற படகு

கேள்வி: சென்ற இதழில் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் ஆங்கில எழுத்தாளர் தமது 60ஆவது வயதில்தான் முதல் நாவலை வெளியிட்டார் என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்று இனிமேல் எழுதலாம் என்று எண்ணியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக அவர் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த வரியில் பிழை இல்லை, ஆனால் அதை மட்டும் படிப்பவர் மனத்தில் எழும் சித்திரம் தவறானது. அறுபது வயதுவரை எழுத்தைப் பற்றி எண்ணியே பாராத ஒரு மூதாட்டி திடீரென்று பேனாவை எடுத்த கதை அல்ல இது. 1916 டிசம்பரில் லிங்கன் நகரில், அவ்வூர் பிஷப்பாக இருந்த தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தை எட்மண்ட் நாக்ஸ், 'பஞ்ச்' நகைச்சுவை இதழின் ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவர். சித்தப்பாமார் மூவரில் டில்வின், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை உடைத்தவர்களுள் ஒருவர். வில்ஃப்ரெட் ஆங்கிலிக்கன் பாதிரியார். ரொனால்ட் கத்தோலிக்கப் பாதிரியார், விவிலியத்தை மொழிபெயர்த்தவர், துப்பறியும் நாவல்களும் எழுதியவர். அந்தக் குடும்பத்தில் எழுதுகிறவரை யாரும் வியந்து பார்த்திருக்க மாட்டார்கள். எழுதாதவரிடம்தான் காரணம் கேட்டிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் 1938இல் முதல் வகுப்பில் தேறிய பெனலபியிடம் எல்லாரும் நூல்களை எதிர்பார்த்ததில் வியப்பில்லை. போர்க்காலத்தில் பிபிசியில் பணியாற்றினார். 1942இல் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஐரிஷ் படை அதிகாரியை மணந்தார். 1950களின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து 'வேர்ல்ட் ரிவ்யூ' என்ற இலக்கிய இதழை நடத்தினார்கள், அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரின் கதை அதில் வந்தது.

இதழ் 1953இல் நின்றது, அதன்பின் இறக்கம்தான். டெஸ்மண்ட் போரிலிருந்து வீரப் பதக்கத்தோடு திரும்பியவர். குடிப்பழக்கமும் அவரோடு கூடவே வந்திருந்தது. வழக்கறிஞர் தொழில் சரியாக நடக்கவில்லை. மூன்று குழந்தைகளோடு குடும்பம் சஃபோக் கடற்கரையில் உள்ள சவுத்வோல்ட் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. அங்கே பெனலபி ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தார். மறுபடி லண்டனுக்கு வந்தபோது அவர்களுக்குக் கட்டுப்படியான இடம், தேம்ஸ் ஆற்றில் நின்ற 'கிரேஸ்' என்ற பழைய சரக்குப் படகுதான். 1962இல் சக வழக்கறிஞர்களின் காசோலைகளில் டெஸ்மண்ட் கள்ளக் கையெழுத்திட்டது வெளிப்பட்டு, அவருடைய வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டது. மறு ஆண்டு படகு மூழ்கியது. கடிதங்களும் குடும்பத்துக் காகிதங்களும் அதோடு போயின. வகுப்புக்குத் தாமதமாக வந்த பெனலபி, வீடு மூழ்கிவிட்டதால் நேரமாகிவிட்டது என்று மாணவியரிடம் மன்னிப்புக் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. வீடற்றோர் விடுதியில் சில மாதங்கள், பின்பு கிளாப்பம் பகுதியில் நகராட்சிக் குடியிருப்பில் பதினோரு ஆண்டுகள். இத்தனைக்கும் இடையில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கான மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்துக் குடும்பம் நடத்தினார். எழுபது வயதுவரை அந்தப் பணியை விடவில்லை.

1975இல் வந்த அவருடைய முதல் நூல், ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் வாழ்க்கை வரலாறு. 1977இல் தந்தையையும் சித்தப்பாமாரையும் பற்றிய நூலும், முதல் நாவலான 'தி கோல்டன் சைல்ட்' என்ற துப்பறியும் கதையும் வெளிவந்தன. நோயுற்றுக் கிடந்த கணவருக்குப் பொழுதுபோக வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்ட நாவல் அது. அச்சில் வருமுன் கணவர் காலமாகிவிட்டார்.

இவரைத் 'தாமதமாக மலர்ந்தவர்' என்று விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. இருபது ஆண்டுகள் அவர் கையைக் கட்டிப்போட்டவை வாடகையும் விடைத்தாள்களும். ஆசிரியையாகிய தங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: பாடம் நடத்துவதற்கு அவர் வைத்திருந்த நாவல் பிரதிகளின் ஓரங்களில், ஒரு கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பற்றிய குறிப்புகள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. தங்கள் பழைய பாடப் பிரதிகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புக்கர் பரிசு பெற்ற 'ஆஃப்ஷோர்' படகு வீட்டுக் கதை என்கிறார்கள். அப்படியானால் அது ஆசிரியரின் சொந்தக் கதைதானே? தன் கதையை எழுதுவதில் என்ன பெரிய கலை இருக்கிறது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டாவது கேள்வியைத் தாங்கள் கேட்டது நல்லதாயிற்று. நாவலில் வரும் படகுக்கும் 'கிரேஸ்' என்றே பெயர். அதில் நென்னா என்னும் இளம் தாயும், மார்த்தா, டில்டா என்னும் இரு சிறுமியரும் வாழ்கிறார்கள். நீர் வற்றும்போது படகு சேற்றில் சாய்ந்து நிற்கும். நீர் ஏறும்போது மிதக்கும். கரையில் வாழ்வோர் அவர்களைத் தங்களவராக ஏற்பதில்லை. ஆறும் அவர்களுக்குச் சொந்தமில்லை. வற்றிய நேரத்தில் சிறுமியர் சேற்றில் இறங்கித் துழாவி, எப்போதோ மூழ்கிய ஒரு படகிலிருந்து சிதறிய, டி மார்கன் என்ற கலைஞர் செய்த பழைய அலங்கார ஓடுகளை எடுத்துக் கழுவிப் பழம்பொருள் கடையில் விற்கும் பகுதி ஒன்று உண்டு. அந்த ஓடுகளின் அருமை மார்த்தாவுக்குத் தெரியும்; குழந்தைகள்தாமே என்று ஏமாற்றப் பார்க்கும் கடைக்காரரிடம் அவள் வளைந்துகொடுப்பதில்லை. பிழைப்பு என்ற சொல் அந்த நாவலில் எங்கும் வருவதாக எனக்கு நினைவில்லை; ஆனாலும் ஒரு குடும்பம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பது அந்தச் சில பக்கங்களில் தெரிந்துவிடுகிறது.

இனி, சொந்தக் கதை என்ற விஷயத்துக்கு வருவோம். நென்னாவின் கணவன் எட்வர்ட் அவளைவிட்டுப் பிரிந்து, லண்டனின் வேறொரு மூலையில் வாடகை அறையில் இருக்கிறான்; படகுக்கு வர மறுக்கிறான். அவன் வழக்கறிஞன் அல்லன். காசோலையில் கையெழுத்திட்டவனும் அல்லன். எழுதியவரின் வாழ்க்கையில் மிகக் கொடியதாக இருந்த அந்த நிகழ்ச்சி நாவலில் இல்லை. அது எங்கே போயிற்று என்று தேடினால் ஓர் இடம் அகப்படுகிறது: நென்னாவின் மனத்துக்குள் ஓயாமல் ஒரு நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அவளே குற்றம் சாட்டப்பட்டவள். கணவனை வரச் சொல்லி எத்தனை முறை கேட்டாய், குழந்தைகளை இப்படி ஓர் இடத்தில் வளர்க்கலாமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. அவள் சொல்லும் விடைகள் அவளுக்கே போதுமானவையாக இல்லை. கணவரைத் தண்டித்த நீதிமன்றத்தை மனைவியின் தலைக்குள் கொண்டுபோய் வைத்து, குற்றவாளிக் கூண்டில் மனைவியையே நிறுத்திவிட்டார் ஆசிரியர். இது என் ஊகம்தான். அவர் எங்கும் அப்படிச் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார். ஆனால் தன் கதையை எழுதுவதில் என்ன கலை என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் படிப்பவர் டெஸ்மண்டின் மேல் கோபம்கொண்டு நூலை மூடியிருப்பார். இப்போது யார்மேலும் கோபம்கொள்ள வழியில்லாமல் நென்னாவோடு சேர்ந்து தவிக்கிறார்.

1979இல் பரிசு அறிவிக்கப்பட்டபோது வரவேற்பு இனிமையாக இல்லை. போட்டியில் வி. எஸ். நைபாலின் 'எ பெண்ட் இன் தி ரிவர்' இருந்தது; நூற்றைம்பது பக்கம்கூட இல்லாத ஒரு படகுக் கதை அதைத் தாண்டியதைப் பலரால் செரிக்க முடியவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை எதிரில் வைத்துக்கொண்டே தவறான நூலுக்குப் பரிசு போய்விட்டது என்ற தொனியில் பேசினார்கள். பரிசுப் பணத்தில் என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஓர் இஸ்திரிப் பெட்டியும் ஒரு தட்டச்சுப் பொறியும் என்றார். அது பணிவா, கேலியா என்று இன்றும் தெரியவில்லை.

கேள்வி: 'தி புக்‌ஷாப்' திரைப்படத்தைப் பார்த்தேன். நாவலின் முடிவும் அதுதானா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. இசபெல் கொய்ஷே இயக்கி 2017இல் வந்த அந்தப் படத்தில், கடையில் உதவிக்கு இருந்த சிறுமி கிறிஸ்டீன் கட்டடத்துக்குத் தீ வைக்கிறாள். பின்னாளில் அவளே ஒரு புத்தகக் கடைக்காரியாகிறாள். படம் பார்ப்பவர் வீடு திரும்பும்போது கையில் ஏதோ ஆறுதல் இருக்கட்டும் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். 1978இல் வந்த நாவலில் தீயும் இல்லை, வாரிசும் இல்லை.

கணவனை இழந்த ஃபுளோரன்ஸ் கிரீன், 1959இல் ஹார்ட்பரோ என்ற கடலோர ஊரில் ஈரம் கசியும் பழைய வீட்டை வாங்கிக் கடை திறக்கிறார். அந்த வீட்டில் கலை மையம் அமைய வேண்டும் என்பது ஊர்ச் செல்வாக்குடைய கமார்ட் சீமாட்டியின் விருப்பம். அவர் யாரையும் திட்டுவதில்லை, மிரட்டுவதுமில்லை. உரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார், உறவினர் வழியாகச் சட்டம் கொண்டுவரச் செய்கிறார். ஊரை விட்டு ஒதுங்கி வாழும் முதியவர் பிரண்டிஷ் ஒருவர்தான் ஃபுளோரன்ஸுக்காகப் பேச முன்வருகிறார். நோயுற்ற உடம்போடு சீமாட்டியின் வீட்டுக்குச் சென்று வாதாடிவிட்டு, வெளியே வந்து தெருவைக் கடக்கையில் விழுந்து இறந்துபோகிறார். பின்பு சீமாட்டியின் கணவர் கடைக்கு வந்து, பாவம் அந்தப் பெரியவர், என் மனைவியின் கலை மையத் திட்டத்தைப் பாராட்டத்தான் வந்திருந்தார் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை; மனைவி சொன்னதை நம்பிச் சொல்கிறார். தன் பொருட்டு ஒருவர் உயிரையே கொடுத்தார் என்பது ஃபுளோரன்ஸுக்குக் கடைசிவரை தெரியாது. படிக்கும் நமக்கு மட்டுமே தெரியும். ஊரை விட்டுப் புறப்படும் ரயிலில் அவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அது அவமானத்தால், அந்த ஊருக்குப் புத்தகக் கடை வேண்டியிருக்கவில்லை.

தோற்பதற்கென்றே பிறந்தவர்களின் துணிவும், வலியவர்களின் பலவீனமும், புரிந்துகொள்ளாமல் கைநழுவிப்போன வாய்ப்புகளுமே தம் பொருள் என்றும், அவற்றை நகைச்சுவையாக எழுத முயன்றதாகவும், அப்படி இல்லாவிட்டால் எப்படித் தாங்குவது என்றும் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசிக் கேள்வியை நீக்கிவிட்டுப் படித்தால் அது வெறும் கொள்கை அறிக்கையாகிவிடும்.

கேள்வி: அவருக்கும் இந்தியாவுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: முன்னோர் வழியாக உண்டு. தந்தைவழிப் பாட்டனார், பின்னாளில் மான்செஸ்டர் பிஷப்பான எட்மண்ட் ஆர்பத்நாட் நாக்ஸ், 1847இல் பெங்களூரில் பிறந்தவர். அவருடைய மாமனார் தாமஸ் வால்பி ஃபிரெஞ்ச், ஆக்ராவில் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியை நிறுவியவர், லாகூரின் முதல் பிஷப். பெனலபி தம் மகனுக்கு வால்பி என்று பெயரிட்டது அந்த வழியில் வந்ததே. ஆனால் நாவல்களில் இந்தியா இடம்பெறவில்லை.

கேள்வி: பிற்காலத்தில் ரஷ்யா, ஜெர்மனி, இத்தாலி என்று பழைய காலத்துக் கதைகளாக எழுதினாராமே! வரலாற்று நாவல் என்றால் ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கம் என்று பழகிய நமக்கு இருநூறு பக்கத்தில் ஒரு காலத்தைக் காட்ட முடியும் என்பதை நம்ப முடியவில்லை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1995இல் வந்த 'தி புளூ ஃபிளவர்' நாவலின் முதல் பக்கத்தைச் சொல்கிறேன், பிறகு தாங்களே முடிவு செய்யலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி, ஜெர்மனியின் வைசன்ஃபெல்ஸ் ஊர். பின்னாளில் நோவாலிஸ் என்ற பெயரில் கவிஞராகப் புகழ்பெறப் போகும் ஹார்டன்பெர்க்கின் வீட்டுக்கு நண்பன் ஒருவன் விருந்தாளியாக வருகிறான். அன்று வீட்டில் சலவை நாள். மாடிச் சன்னல்களிலிருந்து விரிப்புகளும் தலையணை உறைகளும் உள்ளாடைகளும் அழுக்குப் பனி பெய்வதுபோல முற்றத்தில் விழுந்துகொண்டிருக்கின்றன. விருந்தாளி மனத்துக்குள் கணக்குப் போடுகிறான்: தன் தாயார் வீட்டில் ஆண்டுக்கு மூன்று முறை சலவை, ஆகவே நான்கு மாதத்துக்குத் தேவையான துணி இருக்கும், தன்னிடம் 89 சட்டைகள். இந்த வீட்டிலோ ஆண்டுக்கு ஒரே ஒரு முறை! இது செல்வத்தின் அடையாளம் அன்று. தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பப் பெருமையின் அடையாளம். அந்தக் குடும்பத்தின் வறுமை, பெருமை, வேலையாட்களின் உழைப்பு, வந்தவனின் சங்கடம் யாவும் அழுக்குத் துணியிலேயே வந்துவிட்டன. ஆண்டு, அரசன், போர் எதுவும் சொல்லப்படவில்லை.

இதற்காக நோவாலிஸின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவர் பணியாற்றிய உப்புச் சுரங்கங்களைப் பற்றிய ஆவணங்களையும் ஜெர்மன் மொழியிலேயே படித்தார் ஃபிட்ஸ்ஜெரால்ட். படித்ததில் பெரும்பகுதியைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டார். நம் வரலாற்று நாவலாசிரியர்களில் சிலருக்கு இந்த மனம் வாய்க்கவில்லை. தேடிக் கண்ட கல்வெட்டு ஒவ்வொன்றையும் கதைத்தலைவன் வாயால் படிக்க வைத்துவிடுகிறார்கள். கதை என்று பார்த்தால், 22 வயதுக் கவிஞன் 12 வயதுச் சோஃபி ஃபான் கூன் என்ற சாதாரணச் சிறுமியைக் கண்ட கால் மணி நேரத்தில் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவள் 1797இல், பதினைந்து வயது நிறைந்த இரண்டாம் நாள் இறக்கிறாள். இன்றைய வாசகருக்கு அந்த வயது உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் ஆசிரியரும் அதை விளக்காமல், மன்னிக்காமல் விட்டிருக்கிறார்.

இந்த நாவல் புக்கர் இறுதிப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை. ஆனால் அமெரிக்காவின் தேசிய நூல் விமர்சகர் வட்டப் பரிசு 1997ஆம் ஆண்டுக்கு இதற்குக் கிடைத்தது. அமெரிக்கர் அல்லாத ஒருவர் புனைவுக்காக அதைப் பெற்றது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 81. 2000 ஏப்ரலில் காலமானார்.

கேள்வி: எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: 'தி புக்‌ஷாப்', அடுத்து 'ஆஃப்ஷோர்'. அதன்பின் நேரே 'தி பிகினிங் ஆஃப் ஸ்பிரிங்' நாவலுக்குப் போங்கள். 1913இன் மாஸ்கோவில் அச்சகம் நடத்தும் ஓர் ஆங்கிலேயனை மனைவி விட்டுச் சென்ற கதை அது. குளிர்காலம் முழுவதும் இடைவெளிகளை அடைத்து மூடி வைத்திருந்த இரட்டைச் சன்னல்களை வசந்தம் வந்ததும் திறக்கும் காட்சி இறுதியில் வருகிறது. அதுவரை செவிடாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்குள் தெருவின் ஓசை முதல்முறையாக நுழையும். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் நான் நாலைந்து முறை படித்திருக்கிறேன். 'தி புளூ ஃபிளவர்' அதற்குப் பிறகு. முதல் நாவலான 'தி கோல்டன் சைல்ட்' சுமார்தான். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.