நடனம் தயார், பணத்துக்கு எங்கே போவது?

கேள்வி: நாங்கள் 22 பேர் கொண்ட மாணவர் நடனக் குழு. ஒன்றரை மணி நேர நடன நாடகம் ஒன்றை நாங்களே அமைத்து, இன்னும் மூன்று மாதத்தில் மேடையேற்றப் போகிறோம். அரங்கம் மட்டும் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. உடை, விளக்கு, ஒலி, அச்சுச் செலவு எல்லாம் எங்கள் பொறுப்பு. இணையத்தில் நன்கொடைப் பக்கம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. லைக் ஏராளம், பணம் போட்டவர்கள் நான்கே பேர். நிறுவனங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. எங்கே தவறு செய்கிறோம்?

பதில்: நீங்கள் எல்லோரிடமும் பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள், யாரையும் தனியாகக் கேட்கவில்லை. என் கண்ணில் படுகிற தவறு இது ஒன்றுதான், இதைச் சரிசெய்ய மூன்று மாதம் போதும்.

இன்று ஒத்திகை முடிந்ததும் 22 பேரும் உட்கார்ந்து ஆளுக்கு 15 பெயர் எழுதுங்கள். சித்தி, பழைய ஆசிரியர், மாடி வீட்டுக்காரர், அப்பாவின் நண்பர், யாராக இருந்தாலும் சரி. 330 பெயர் சேர்ந்துவிடும். ஒவ்வொருவருக்கும் அவரவரே போன் செய்ய வேண்டும், முடியாவிட்டால் பெயர் சொல்லி அழைத்து நான்கு வரி எழுத வேண்டும். குழு முழுக்க ஒரே செய்தியை ஃபார்வர்ட் செய்தால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். நான் என்ன ஆடுகிறேன், என்றைக்கு, இன்னும் எது குறைகிறது, அதில் உங்களிடம் எதைக் கேட்கிறேன், இவ்வளவு இருந்தால் போதும்.

'எதைக் கேட்கிறேன்' என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தச் செலவைச் சொல்லி "முடிந்ததைத் தாருங்கள்" என்றால் கேட்பவருக்குத் தயக்கம்தான் வரும், தான் கொடுக்கும் சின்னத் தொகை அந்தக் கடலில் எங்கே தெரியப் போகிறது என்று நினைப்பார். நான் மாணவியாக இருந்தபோது ஒரு மாதம் முழுக்க அப்படித்தான் கேட்டோம், கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை. பிறகு செலவைத் துண்டு துண்டாகப் பிரித்தோம்: ஒரு ஆளின் உடை, ஒரு நாள் ஒலிபெருக்கி வாடகை, ஒரு காட்சிக்கான திரைச்சீலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு பேருடைய உடைக்கு நான் தருகிறேன் என்றார். நிகழ்ச்சியன்று முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த இரண்டு பேரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்!

சின்னத் தொகையை ஏளனமாக நினைக்காதீர்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை நிற்கிறதே, அதன் பீடத்தைக் கட்டப் பணமில்லாமல் வேலை நின்றுபோனது. 1885-ல் ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் பொதுமக்களிடம் கேட்டார், எவ்வளவு சிறிய தொகை தந்தவரானாலும் பெயரைப் பத்திரிகையில் போடுவேன் என்றார். சுமார் ஐந்தே மாதத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தந்தவர்கள் 1 லட்சம் பேருக்கு மேல், அவர்களில் மிகப் பலர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். நீங்களும் நிகழ்ச்சிக் கையேட்டில் எல்லாப் பெயரையும் போடுங்கள். தொகை வாரியாக வேண்டாம், அகர வரிசையில் போடுங்கள்.

நன்கொடைப் பக்கத்தை மூட வேண்டியதில்லை. ஆனால் காலியாக இருக்கும் உண்டியலில் முதல் காசைப் போட யாருக்கும் மனம் வராது, அதனால் இலக்கில் மூன்றில் ஒரு பங்கையாவது தெரிந்தவர்கள் மூலம் அதே பக்கத்தில் சேர்த்துவிட்டு, அப்புறம் பொதுவில் பரப்புங்கள். தளத்தின் விதியையும் படியுங்கள். 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசுகூடக் கைக்கு வராது, எட்டினாலும் தளத்துக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணமும் போகும். வேறு சில தளங்கள் வந்த வரைக்கும் தந்துவிடும். உங்களுக்கு இரண்டாவது வகைதான் பாதுகாப்பு.

நிறுவனங்கள் விஷயத்தில் உங்கள் மேல் தவறு அதிகமில்லை. பெரிய நிறுவனங்கள் இப்படிப்பட்ட செலவை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடும், மூன்று மாதம் அவர்களுக்குப் போதாது. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைகளுக்குப் போங்கள், அங்கே முடிவு அந்த இடத்திலேயே கிடைக்கும். இரண்டு பேராகப் போங்கள், கையில் ஒரே ஒரு தாள்: நிகழ்ச்சி என்ன, எத்தனை பேர் வருவார்கள், கடையின் பெயர் எங்கெங்கே வரும். பணம் இல்லை என்றால் பொருளாகவோ வேலையாகவோ கேளுங்கள். அச்சகத்தார் போஸ்டரை அடித்துத் தரலாம், தையல்காரர் கூலியைக் குறைக்கலாம், விளக்கு வாடகைக்குத் தருபவர் ஒத்திகை நாளுக்குக் காசு வாங்காமல் விடலாம். இதுவும் நிதிதான்.

கேட்கப் போவதற்கு முன் பட்ஜெட்டை இரண்டு பட்டியலாகப் பிரித்துவிடுங்கள். இது இல்லாவிட்டால் மேடையேறவே முடியாது என்பவை ஒன்று, இருந்தால் நன்றாக இருக்கும் என்பவை மற்றொன்று. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் முன்பு கையில் இருப்பதைப் பார்த்து, போதாவிட்டால் இரண்டாவது பட்டியலைத் தயங்காமல் வெட்டுங்கள். கணக்கை முக்கியப் பாத்திரம் ஆடுபவரிடம் கொடுக்காதீர்கள், பாவம், அவரால் இரண்டையும் பார்க்க முடியாது. ஆடாத ஒருவரும் ஆடும் ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும், ஒவ்வொரு வரவுக்கும் ரசீது இருக்கட்டும்.

விளம்பரத்துக்குத் தனியாகப் பெரிய திட்டம் வேண்டாம். ஒத்திகையில் ஒருத்தி ஒரே சுழற்சியில் மூன்று தடவை தடுமாறி நான்காவது தடவை சரியாக நிற்பதை 30 விநாடி எடுத்துப் போடுங்கள். முழு அலங்காரத்தோடு எடுத்த படத்தைவிட அதைத்தான் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள், அவள் மேடையில் எப்படி ஆடப்போகிறாள் என்று அறியும் ஆசையும் வரும். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் தேதி, நேரம், இடம், டிக்கெட் கிடைக்கும் வழி இருக்க வேண்டும். போஸ்டரில் 22 முகத்தையும் அடைக்காதீர்கள். 1909-ல் பாரிஸில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு முதல் பருவம் ஆடியபோது, ஓவியர் வாலண்டின் செரோவ் வரைந்த போஸ்டரில் இருந்தது நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஒற்றை உருவம் மட்டும், அதுவும் சாம்பல் நீலப் பின்னணியில் வெண்கோடுகளாக. நூறு வருடம் தாண்டியும் அது பேசப்படுகிறது. உங்கள் நாடகத்தில் எந்த நிலை பார்த்தவுடன் மனதில் நிற்கும் என்று யோசித்து, அந்த ஒன்றை எடுங்கள்.

கேள்வி: ஒத்திகை வீடியோவில் பாட்டின் ஒலியைத் தளம் நீக்கிவிட்டது. பாடியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் போட்டிருந்தோமே?

பதில்: பெயர் போடுவது மரியாதை, ஆனால் அது அனுமதி ஆகாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியது, மற்றொன்று அந்தப் பதிவுக்கு உரியது. மேடையில் ஒலிபரப்ப வாங்கும் உரிமம் பொதுவாக வீடியோவில் சேர்த்துப் பரப்புவதற்குப் பொருந்தாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய மெட்டு என்றால் காப்புரிமை முடிந்திருக்கலாம், ஆனால் நேற்று ஒருவர் அதைப் பாடிப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது. காப்புரிமை முடிந்த மெட்டை இசை படிக்கும் நண்பர்களிடம் சொல்லி நீங்களே பதிவு செய்துகொண்டால் மேடைக்கும் ஆகும், விளம்பரத்துக்கும் ஆகும். அதுவரை தாளத்தையும் காலடிச் சத்தத்தையும் மட்டும் வைத்து வீடியோ போடுங்கள். அது தனி அழகு.

கேள்வி: கூட்டம் வர வேண்டுமே என்று இலவச பாஸ் கொடுக்கலாமா?

பதில்: ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு, நன்கொடையாளர்களுக்கு ஒன்றிரண்டு, அதோடு நிறுத்துங்கள். இலவச பாஸ் வாங்கியவர் மழை தூறினாலே வர மாட்டார், அவருக்காக வைத்த முன் நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் ஆட வேண்டியிருக்கும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒரு விலை வையுங்கள். உடைக்குப் பணம் தந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள், வரவு செலவுக் கணக்கோடு, அந்த உடையில் உங்கள் தோழி மேடையில் நிற்கும் படத்தையும் அனுப்பிவிடுங்கள்.