வளாகத்து மரங்களுக்குக் கணக்கு உண்டா? கேள்வி-பதில்

கல்லூரி வளாகங்களில் மரப் பராமரிப்பைத் தணிக்கை செய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மாணவர்களை வைத்து எல்லா மரங்களையும் கணக்கெடுத்து எண் பலகையும் மாட்டிவிட்டோம். தணிக்கைக்கு இது போதும்தானே?

பாதி வேலை முடிந்தது. அந்த மரங்களைப் பற்றி யார், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. கடைசி மூன்று ஆண்டுகளில் வெட்டிய மரங்களின் கோப்பைக் கேளுங்கள். எந்த மரம், என்ன காரணம், யார் கையெழுத்து, பதிலுக்கு எங்கே எதை நட்டார்கள்? கோப்பே இல்லையென்றால் அதையே அறிக்கையின் முதல் வரியாக எழுதுங்கள்.

பிறகு பட்டியலை இரண்டு பக்கமிருந்தும் சரிபாருங்கள். பட்டியலிலிருந்து குலுக்கிப் போட்டு முப்பது மரங்களைத் தேடிப் போங்கள். அதேபோல், வழியில் நிற்கும் முப்பது மரங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு வளாகத்தில் ‘நல்ல நிலை’ என்று பதிவாகியிருந்த மரத்தைத் தேடிப் போனேன். தரையோடு தரையாக அறுத்த கட்டைதான் கிடந்தது. அறுத்த முகம் கறுத்து, ஓரத்தில் அடுக்கடுக்காகக் காளான். பட்டியலோ அந்த ஆண்டுதான் புதுப்பிக்கப்பட்டது! முந்தைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், மரத்தைப் பார்க்கவில்லை.

சுற்றளவை எந்த உயரத்தில் அளப்பது?

நெஞ்சுயரத்தில். பெரும்பாலான நாடுகளில் 1.3 மீட்டர், அமெரிக்காவில் 1.37 மீட்டர். ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் எடுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்.

எங்கள் சாலைகளில் ஒரே இன மரம்தான் வரிசையாக நிற்கிறது. பார்க்க அழகு. இதைக் குறையாக எழுத வேண்டுமா?

எழுதுங்கள். அமெரிக்க நகரங்களில் எல்ம் மரங்கள் நோயில் மடிந்தபோது, பல இடங்களில் அவற்றுக்குப் பதிலாக ஆஷ் மரங்களை நட்டார்கள். 2002இல் மிச்சிகனில் மரகதப் பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்தன. ஒரே தவறு இரண்டு முறை.

1990இல் அமெரிக்க மர மரபியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் சொன்ன வரம்பு இன்றும் பயன்படுகிறது: ஓர் இனம் 10 சதவீதத்தையும், ஒரு பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20 சதவீதத்தையும், ஒரு குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இதை வைத்து, நிற்கிற மரங்களை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். இனி நடப்போவதற்கு மட்டும் பொருத்துங்கள்.

ஒப்பந்தக்காரர் கவாத்து ஒழுங்காகச் செய்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கு ஆசிரியர்.

கண் இருந்தால் போதும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அதைத்தான் கிளைக்கழுத்து என்கிறோம். ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்த அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ வலியுறுத்தியது இதைத்தான்: வெட்டு அந்தக் கழுத்துக்கு வெளியே இருக்க வேண்டும், கழுத்தைத் தொடக் கூடாது.

இரண்டு மூன்று ஆண்டுப் பழைய வெட்டு ஒன்றின் அருகே போய் நில்லுங்கள். புதுப் பட்டை சுற்றிலும் சமமாக உருண்டு, வடை போல வளையமாக மூடிக்கொண்டு வந்தால் நல்ல வெட்டு. இரு பக்கமும் மட்டும் தடித்து, மேலும் கீழும் மூடாமல் நீள்வட்டமாக நின்றால், கழுத்தோடு சேர்த்துச் சீவியிருக்கிறார்கள். குச்சி நீட்டிக்கொண்டு காய்ந்திருந்தால் அதுவும் தவறுதான். அழுகல் அதன் வழியாக உள்ளே இறங்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை உச்சியை மொட்டையடிப்பது. அங்கே குப்பென்று தளிர்ப்பதைப் பார்த்து ‘மரம் செழிக்கிறது’ என்று நினைக்கிறோம். பட்டினியில் கிடக்கும் மரம் சேமிப்பையெல்லாம் செலவழித்து இலை தள்ளுகிறது. அந்தக் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், பெருத்ததும் ஒடியும். ஒப்பந்தத்தில் ‘மொட்டையடிக்கக் கூடாது’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய கட்டடம் வருகிறது. மரங்களை வெட்டவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்கிறார்கள்.

வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டர் மண்ணுக்குள்தான் பரவியிருக்கிறது. ஒரு பள்ளம் தோண்டினாலோ, லாரி நின்று மண் இறுகினாலோ மரம் மெல்லச் சாகத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார், பழி ‘நோய்’ மேல் விழும். கட்டுமான இடத்து மரங்களுக்கான பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலை, மரத்தைச் சுற்றி அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள இடத்தைக் காக்கச் சொல்கிறது. விட்டம் 50 செ.மீ. என்றால் 6 மீட்டர். முதல் லாரி வருவதற்கு முன்பே வேலி நிற்க வேண்டும். தணிக்கையில் அந்த வேலி போட்ட தேதியைக் கேளுங்கள்.

ஆண்டுக்கு நூறு கன்று நடுகிறோம். இதை எப்படிக் காட்டுவது?

மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்ற எண்ணைக் காட்டுங்கள். நட்ட எண்ணிக்கைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

நூலக வாசலில் உள்ள முதிய மரத்தில் பொந்து. ஆபத்து என்று வெட்டச் சொல்கிறார்கள்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழாது. சுற்றி நல்ல மரச்சுவர் தடிமனாக இருந்தால் நெடுநாள் நிற்கும். விழ வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் யார் மேல் படும், பட்டால் சேதம் எவ்வளவு? மூன்றையும் பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்து எழுத்தில் தர வேண்டும். அதுவரை மரத்தடியைக் கயிறு கட்டி அடைத்து, அங்கே கிடக்கும் பெஞ்சை வேறிடத்துக்கு மாற்றுங்கள். பல மரங்களை அந்த ஒரு பெஞ்சை நகர்த்தியே காப்பாற்றியிருக்கிறோம்.