ஆர்டிஎக்ஸ் 3060 போட்டும் கேம் ஏன் வேகமாக ஓடவில்லை?

ஐ5-10400 சிபியு, ஒரே ஒரு 8 ஜிபி றாம், புதிதாகப் போட்ட 3060 கிராபிக்ஸ் கார்ட். எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) கூடவில்லை என்கிறீங்கள். கார்டில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு.

முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கோ. மொனிட்டர் கேபிள் மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் இருந்தால், படத்தை வரைவது ஐ5க்குள் இருக்கிற சின்னக் கிராபிக்ஸ்தான். கேபிளைக் கழற்றிக் கீழே கார்டில் செருகுங்கோ. சிரிக்காதீங்கோ, கனபேர் விடுற பிழை இது.

அடுத்தது றாம். ஒற்றைக் குச்சி என்றால் நினைவகப் பாதையில் பாதிதான் வேலை செய்யும். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, மதர்போட்டில் நாலு துளை இருந்தால் சிபியு பக்கத்திலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் துளைகளில் போடுங்கோ. பழைய கார்ட் ஏஎம்டி என்றால், விண்டோஸைச் சேஃப் மோடில் திறந்து டிடியு (DDU) என்ற டிரைவர் அழிக்கும் மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கோ.

பிறகு கேம் ஓடும்போது Alt, R விசைகளை ஒன்றாக அமத்தி, திரையில் வரும் என்விடியா ஓவர்லேயில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைப் பாருங்கோ. 95 வீதத்துக்கு மேல் என்றால் கார்ட் முழுதாக உழைக்கிறது. எஃப்பிஎஸ் பூட்டு, விசிங் (எஃப்பிஎஸ்ஸை மொனிட்டர் வேகத்தோடு கட்டும் அமைப்பு) எதுவும் இல்லாமலே அந்தப் பயன்பாடு 50, 60 வீதத்தில் நின்றால் தடை பெரும்பாலும் சிபியுதான். அப்போது ரெசொலூஷனைக் குறைத்துப் பிரயோசனமில்லை. ஆட்கூட்டத்தின் அளவு, தூரக் காட்சி இரண்டையும் குறையுங்கோ.

144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை விண்டோஸ் 60இல் வைத்திருக்கிறதோ என்றும் ஒருக்காப் பாருங்கோ.

சித்திரை வெக்கையில், சுன்னாகப் பக்கத்துச் செம்மண் தூசியும் ஃபேனில் அடைந்தால், சூடு 83 பாகையை அண்மிக்க கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். மாதமொருக்கா ஊதித் துப்புரவாக்குங்கோ. ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடிக்கவேணும்.