உங்க கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பார்த்தாரு, இப்ப கிட்னி ஃபெயிலியர், வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், வேலையும் போச்சு. வீட்டு ஜெபத்துக்கு வர்றவங்க உங்க குடும்பத்துல ஏதோ அறிக்கை பண்ணாத பாவம் இருக்கு, விசுவாசம் இருந்தா டயாலிசிஸை நிறுத்துங்கன்றாங்க. எனக்கு இப்பல்லாம் ஜெபிக்க உக்காந்தா அழுகையும் கோவமும்தான் வருது. நான் விசுவாசத்துல இருந்து விழுந்துட்டேனா?
- ஒரு சகோதரி, குடியாத்தம்

பதில்: முதல்ல டயாலிசிஸை ஒரு வேளை கூட விடாதீங்க தங்கச்சி, விட்டா உயிருக்கே ஆபத்து, இதுல பேச்சே இல்ல. அப்போஸ்தலன் பவுல் கூட, தன்னோட ஊழியத்துக்கு வந்த துரோப்பீமுவை மிலேத்துன்ற ஊர்ல வியாதியோடதான் விட்டுட்டு வந்தாரு, அதுக்காக அவருக்கு விசுவாசம் பத்தலன்னு யாராவது சொல்வாங்களா? பாவம்னு சொல்றவங்க யோவான் 9 படிக்கட்டும், பிறவியிலயே கண்ணு தெரியாதவனைக் காட்டி இவன் பாவமா அப்பா அம்மா பாவமான்னு சீஷருங்க கேட்டப்ப இயேசு ரெண்டும் இல்லன்னுட்டாரு. பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்து வியாதியில கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதருங்களும் இவங்க மாதிரிதான், நீ பண்ண பாவம்தான்னு பக்கம் பக்கமா பேசுனாங்க, கடைசியில கர்த்தருக்குக் கோவம் வந்தது அவங்க மேலதான், பொறந்த நாளையே சபிச்சு புலம்புன யோபு மேல இல்ல. அழுது கோவப்பட்டாலும் நீங்க அவர்கிட்டதானே போய் நிக்கிறீங்க, அப்புறம் எங்க விழுந்தீங்க?

நம்ம ஊரு மேரி வர்கீஸ் டாக்டரை (கேரளாக்காரங்கதான், ஆனா வேலூர் விட்டுக்குடுக்காது) கேள்விப்பட்டிருப்பீங்க. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர், 1954ல கார் ஆக்சிடென்ட்ல இடுப்புக்குக் கீழ உணர்வே போச்சு. நல்ல விசுவாசிதான், ஆனாலும் எழுந்து நடக்கல. வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, 1966ல வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்ததே அவங்க முயற்சியிலதான். நீங்களும் அப்படி சாதிக்கணும்னு சொல்லல, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறவங்ககிட்ட போய் யாரு அதைக் கேப்பா! சுகம் கிடைக்கலன்னா விசுவாசம் இல்லன்ற கணக்கு தப்புன்னு சொல்ல வந்தேன், அவ்ளோதான்.

அந்த வீட்டு ஜெபத்துக்கு கொஞ்ச நாள் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சை விடாதீங்க, பாட முடியலன்னா சும்மா உக்காந்துட்டு வாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் வரும், கார்டு இல்லன்னா வேலூர் அடுக்கம்பாறை ஜி.எச்.ல விசாரிங்க.

கேள்வி: கஷ்டம் வந்தா சங்கீதம் 91 தினமும் சொன்னா போதுமாக்கா?
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: தாராளமா சொல்லுங்க. ஆனா தூதருங்க உன்னைத் தாங்கிக்குவாங்கன்னு அதே 91ல இருக்கறதை எடுத்துதான் பிசாசு இயேசுவை தேவாலயத்து உச்சியில இருந்து குதிக்கச் சொன்னான், மத்தேயு 4ல இருக்கு. தாயத்து மாதிரி ஆக்கிடாதீங்க. கூடவே 88ஐயும் படிங்க, கடைசி வரி வரைக்கும் ஆறுதலே வராத சங்கீதம் அது, எந்த காலண்டர்லயும் போட மாட்டாங்க.